ஐந்தாவது நடைக்கு ஆகும் நேரம்

அலுவலகத்தில் அவருக்குச் சக்கரத்தார் என்று பேர். ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்தின் நடைபாதைப் பிரிவில் இருபத்தாறு வருடம் பாதை அளக்கும் அளவராக இருந்தவர். நீளமான பிடி வைத்த ஒற்றைச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே நடப்பார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்று ஒரு சத்தம். ஆற்றின் இரு கரையிலும், அதை ஒட்டிய சதுப்பு நிலத்திலுமாக ஏழு நடைகள், உலாப் போவதற்கான பாதைகள். எல்லாமே மேடு பள்ளம் இல்லாத தரை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பமாக வருகிறவர்களுக்காக அந்த ஏழையும் ஒரு மடிப்புத் தாளில் அச்சடித்து இலவசமாகக் கொடுப்பார்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எங்கே உட்கார இடம், எங்கே கழிப்பறை, மழை பெய்தால் எங்கே சேறு, தள்ளுவண்டி எந்த வாயிலில் நுழையாது. அந்தத் தாளில் உள்ள எழுத்தெல்லாம் அவருடையது.

இந்த வேலைக்கென்று படிப்பு எதுவும் இல்லை. முன்பிருந்த அளவர் எழுதி வைத்த கோப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கோப்பில் இல்லாதவற்றைத் தானே விதியாக எழுதிச் சேர்த்தார். தூரத்தைச் சக்கரம் சொல்லும். நேரத்தை மெதுவாக நடக்கிற ஆள்தான் சொல்லவேண்டும். அளவர் கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்கவேண்டும். கடிகாரத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. நின்றதும் உட்கார்ந்ததும் வேடிக்கை பார்த்ததும் நடையில் சேர்த்தி.

மெதுவாக நடக்கிற ஆள் அவர் மனைவி. மருந்துக்கடையில் இருபது வருடம் நின்றே வேலை பார்த்ததில் இடது முழங்கால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூடவே வருவாள். காலுக்காக ஒரு முறை நிற்பாள், கால் வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க நாரையைப் பார்ப்பதுபோல் இன்னொரு முறை நிற்பாள். அவர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படிவத்தில் 'நடந்தவர்' என்ற கட்டத்தில் 'அளவர் + 1' என்று எழுதுவார். அந்த ஒன்று யார் என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தள்ளுவண்டிக்குப் பாதை சரிப்படுமா என்று பார்க்க, ஒரு பழைய தள்ளுவண்டியில் பத்துக் கிலோ மணல்மூட்டையை வைத்துத் தள்ளிப்பார்ப்பார். அதற்கு வார் கட்டிவிடுவது மனைவியின் வேலை. "சார் வீட்டுப் பிள்ளை இன்னைக்கு அழுதுச்சா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். "தூங்கிட்டான்" என்பார். அந்த அளவுக்குத்தான் அவருடைய வேடிக்கைப் பேச்சு.

மனைவி ஒரு வாரக் காய்ச்சலில் போனாள். பன்னிரண்டாம் நாள் அவர் வேலைக்கு வந்துவிட்டார். அழவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யோசிப்பார். வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கேட்டது, ஆனால் அது தன் வீட்டுக் குழாய் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் வெள்ளம் ஐந்தாவது நடையின் கரையை உடைத்திருந்தது. கரையைச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டியதில் பாதை நானூறு மீட்டர் கூடி, நாலு கிலோமீட்டர் அறுநூறு ஆயிற்று. ஐந்தாவதுதான் ஏழிலும் அழகானது என்று பேர். வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி, ஆற்றங்கரையோடு போய், கோரைக்கு நடுவே பலகைப் பாதையில் சுற்றி, ஒரு அகன்ற வாய்க்காலின் அக்கரையில் முடியும். அங்கே கயிற்றை இழுத்து விடும் ஒரு படகு. ஏறினால் மூன்று நிமிடத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்துவிடலாம். கடைசிப் படகு ஐந்தரைக்கு. விட்டால் வந்த வழியே முழுக்கத் திரும்பி நடக்கவேண்டும்.

புதுப் பாதையை அவர் ஒரு செவ்வாய்க்கிழமை அளந்தார். தனியாக. ஐம்பத்தெட்டு நிமிடம் ஆனது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூட்டி, ஒரு மணி பத்து நிமிடம் என்று எழுதினார். படிவத்தில் 'அளவர்' என்று மட்டும் இருந்தது. நாலு புது அறிவிப்புப் பலகைகள் எழுதி நட்டார்கள்.

நாலாவது வாரம் படகுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து சேறு காய்ந்த ஒற்றைச் செருப்பை எடுத்து, அதிகாரியின் மேசையில் கிடந்த செய்தித்தாளின் மேல் வைத்தார்.

"என்னங்க இது?" என்றார் அதிகாரி. சக்கரத்தாரைவிடப் பதினைந்து வயது இளையவர். இந்தப் பிரிவுக்கு வந்து ஒரு வருடம்தான்.

"இது மட்டும் அப்புறம் மிதந்துச்சு மேடம். ஜோடி உள்ள இருக்கு."

நடந்ததைப் படகுக்காரர் நின்றுகொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் பலகையைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பியிருக்கிறது. ஐந்தரைக்கு அவர்கள் படகுத்துறைக்கு இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். படகு நகர்வதைக் கண்டதும் அப்பாக்காரர் தோளில் குழந்தையோடு பாதையை விட்டுச் சேற்றில் இறங்கிக் குறுக்கே வந்திருக்கிறார். இடுப்புவரை உள்ளே போய்விட்டார். படகுக்காரர் திரும்பிப் போய்ப் பலகை போட்டு, முதலில் குழந்தையை வாங்கி, பிறகு அவரை இழுத்தார்.

"ஒண்ணும் ஆகல. ஆனா நாலு ஞாயிறா யாராச்சும் அந்தக் கரையில நின்னு துண்டை ஆட்டுறாங்க. நானும் திரும்பிப் போறேன். என் வீட்டுக்காரி கேக்குறா, கடைசிப் படகுன்னா கடைசிதானே, உனக்கு மட்டும் என்ன கடைசிக்கு அப்புறமும் ஒண்ணுன்னு." பிறகு சக்கரத்தார் பக்கம் திரும்பினார். "சார், கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரு மணி பத்து நிமிஷம் யாரு நடந்தது? குதிரையா?"

"நான்தான்" என்றார் சக்கரத்தார்.

படகுக்காரர் போனபின் அதிகாரி படிவத்தை எடுத்துவரச் சொல்லி, வரி வரியாகப் படித்தார். "இருக்கைகள் மூன்று. முதல் மதகு, பலகைப் பாதை முனை, பட்டமரத்தடி. சார், பட்டமரத்தடி பெஞ்சு வெள்ளத்துல போயிடுச்சு. நானே சேத அறிக்கையில எழுதியிருக்கேன்."

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்துதான். இருபத்தாறு வருடத்தில் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அவர் எழுதியதில்லை. வெட்கமாக இருந்திருக்கவேண்டும். மரத்துப்போன விரலில் ஊசி குத்துவதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருந்தது.

"பழைய நேரத்தையே போட்டுடலாமா?" என்றார் அதிகாரி. "ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"அது பழைய பாதை மேடம். இது நானூறு மீட்டர் கூட. ஒரு பாதையோட நேரத்தை இன்னொரு பாதைக்குப் போடக்கூடாது."

"அப்ப மறுபடி அளந்து குடுங்க. பள்ளிக்கூட லீவுக்கு எட்டு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள சரியான நேரம் வரலன்னா ஐந்தாவது நடையைத் தாள்லேருந்து எடுத்துட வேண்டியதுதான். பலகைப் பாதையையும் மூடிடுவோம். இன்னொரு குழந்தையைச் சேத்துல இறக்க முடியாது."

"எடுத்துடலாம் மேடம்" என்றார் அவர்.

ஆனாலும் மறுநாள் போனார். மெதுவாக நடக்கவேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தார். இருந்த இரண்டு இருக்கையிலும் கடிகாரத்தைப் பார்த்து ஐந்தைந்து நிமிடம் உட்கார்ந்தார். ஒரு மணி பதினான்கு நிமிடம். அது அளவு இல்லை, நடிப்பு என்று அவருக்கே தெரிந்தது. படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை மைத்துனி சாப்பாடு கொண்டுவந்தாள். மனைவியின் தங்கை, தையற்கடை வைத்திருக்கிறாள். நாலு வயது மகளும் கூட வந்திருந்தாள். மைத்துனி நேரே குளியலறைக்குப் போய்க் குழாயின் கழுத்தில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு வந்தாள்.

"இது எத்தனை நாளா ஒழுகுது மாமா?"

"தெரியல."

"உங்களுக்குத் தெரியாதா? ஆத்துல எத்தனை மதகு ஒழுகுதுன்னு மனப்பாடமா சொல்வீங்களே."

ஏதாவது பேசவேண்டுமே என்று அவர் ஐந்தாவது நடையை எடுக்கப்போவதைச் சொன்னார். மைத்துனி தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்துடலாம்னு சொன்னேன்."

"அக்கா முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கிட்டு நாலு தடவை நடந்த பாதை அது. நாலு தடவை. ஒரு தடவை போதாதாக்கான்னு நான் கேட்டதுக்கு, உங்க மாமாவுக்குச் சராசரி வேணுமாம்னா." கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "சனிக்கிழமை கடைக்கு லீவு விடுறேன். நானும் இவளும் வர்றோம்."

"நீ வேகமா நடப்ப. உன் நேரம் உதவாது."

"நான் வேகமா நடப்பேன். இவ நடப்பாளா?"

குழந்தை தரையில் உட்கார்ந்து அவருடைய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தொடக்கப் பலகையில் கடிகாரத்தை அமுக்கினார். வெயில் அதிகம் இல்லை. ஆறு அசையாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. இருநூறு மீட்டர் போனபின் பின்னால் குரல் கேட்டது.

"மாமா. நாங்க வேணாம்னா சொல்லிடுங்க. வீட்டுக்குப் போயிடுறோம்."

திரும்பினால் அவர்கள் எங்கோ பின்தங்கி நின்றார்கள். முந்திப் போனதே அவருக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்து, இருவருக்கும் பின்னால் போய் நின்றார்.

"அங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"விதி. அளவர் கடைசி ஆளுக்குப் பின்னால."

"நல்ல விதி. யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அப்ப படிச்சும் பாருங்க."

குழந்தை முதல் மதகில் குனிந்து தண்ணீர் கசிவதைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தின் அருகில் வந்து காதை வைத்தாள். "அம்மா, சக்கரம் ஏன் பேசுது?"

"உன் பெரியப்பாகிட்ட அது ஒண்ணுதான்டி பேசும்."

கோரைக்கு நடுவே பலகைப் பாதையில் அவள் நடந்த விதத்தைப் படிவத்தில் எழுத இடம் இல்லை. ஒரு பலகைவிட்டு ஒரு பலகை மிதித்தாள். தவறி மிதித்துவிட்டால் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வந்தாள். நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு இலைமேல் நடந்து போனபோது, கடைசிக் குஞ்சு மறையும்வரை நகர மறுத்தாள். மைத்துனி இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

பட்டமரத்தடியில் இருக்கை இருந்த இடத்தில் நாலு குழிகள்தான் இருந்தன. போன தடவைகளில் இதைத் தாண்டித்தான் போயிருக்கிறார். இப்போது குனிந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்து, 'இருக்கை 3: இல்லை' என்று எழுதினார். குழந்தை மரத்தின் வேரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"பெரியம்மா இங்க உக்காருவாங்களா?"

மைத்துனி வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எட்டு நிமிஷம்" என்றார் அவர்.

"என்ன எட்டு நிமிஷம்?"

"இங்க எட்டு நிமிஷம் உக்காருவா. நாலு தடவையும் எட்டு. கால் வலிக்குதான்னு கேட்டா, இல்ல, அந்தக் கொக்கு எப்பப் பறக்கும்னு பாக்குறேன்னு சொல்லுவா."

"பறந்துச்சா?"

அவர் யோசித்தார். "நான் கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏதோ வரும் என்று மைத்துனி அவர் முகத்தைப் பார்த்தாள். குழந்தை பதினோரு நிமிடம் உட்கார்ந்தாள். அவர் அருகில் நின்றார். நின்றுகொண்டிருந்ததில் தன் முதுகு வலிப்பது தெரிந்தது. இந்த மூன்று மாதத்தில் அவருக்குத் தெரிந்த முதல் வலி அது. அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படகுத்துறையில் கடிகாரத்தை நிறுத்தினார். இரண்டு மணி நாற்பது நிமிடம்.

திங்கட்கிழமை அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நாலரை கிலோமீட்டருக்கு ரெண்டே முக்காலா? யாரும் வர மாட்டாங்களே சார்."

"குழந்தையோட வந்தா அவ்வளவுதான் மேடம் ஆகும். சீக்கிரம் போறவங்க போகட்டும். படகை விட்டுடாம இருந்தா போதும்."

"அளவர் கூட்டல் ரெண்டு" என்று படித்தார் அதிகாரி. பிறகு பழைய கோப்பை இழுத்துப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் 'அளவர் + 1'. அதில் கடைசித் தாளில் மட்டும் 'அளவர்'. "இந்த ஒண்ணு யாரு சார்?"

"வீட்டுல."

அதிகாரி கோப்பை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டமரத்தடிக்கு ஒரு இருக்கை வேண்டும் என்று தனித்தாளில் எழுதி அதையும் சேர்த்தார்.

பலகைகள் வெள்ளிக்கிழமை மாறின. 'ஆகும் நேரம் 2 மணி 40 நிமிடம். கடைசிப் படகு 5.30. பிற்பகல் 2.30-க்கு மேல் புறப்படவேண்டாம்.' லீவின் முதல் ஞாயிறு அவர் சக்கரம் இல்லாமல், முன்கூட்டியே ஐந்தாவது நடையில் வந்து, நாலரைக்குப் படகுத்துறையில் நின்றார். ஒவ்வொரு குடும்பமாக வந்தது. செருப்பைக் கையில் பிடித்தவர்கள், தூங்குகிற பிள்ளையைச் சுமந்தவர்கள், சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு கணவனும் மனைவியும். கடைசிக் குடும்பம் ஐந்து இருபதுக்கு வந்தது. தள்ளுவண்டி, இரண்டு பிள்ளைகள், நொண்டி நடக்கிற ஒரு பெரியவர். அவர்களுக்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது. கரையில் நின்று துண்டை ஆட்ட இனி யாரும் இல்லை.

படகுக்காரர் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றினார். தள்ளுவண்டியைத் தூக்கி நடுவில் வைத்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார்.

"ஏறலையா சார்?"

"அடுத்ததுல வர்றேன்."

"அடுத்தது எங்க இருக்கு? நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க."

அவர் படகைப் பார்த்தார். ஓரப் பலகையில் பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்தார். படகுக்காரர் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். பெரியவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "ரெண்டே முக்கால் மணி நேரம்னு போட்டிருந்தான். ரொம்பப் போட்டிருக்கானேன்னு நெனச்சேன். சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ரெண்டு மணி நாப்பது" என்றார் சக்கரத்தார்.