மலை தெரியும் அறை

ரேணுகாம்பாள் வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குக் குடிவந்ததும் முதலில் நடுங்கியவர் முட்டைக்காரர்தான். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அந்த அம்மாள். முட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா என்று பார்க்காமல் வாங்கமாட்டார். தேங்காயைக் காதருகே ஆட்டுவார். அப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் சோதிக்காமல் வாங்கினார். அது வீடு.

காரணம் இருந்தது. கணவர் தருமன் பஸ் கண்டக்டராக இருந்தவர், பௌர்ணமிதோறும் அண்ணாமலையைக் கிரிவலம் சுற்றியவர். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். டவுனில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர்.

"நடக்கத்தான் முடியல. படுத்துக்கினாவது மலையைப் பாக்கலாம்னா இந்தச் சுவரு" என்பார்.

கீழ்பென்னாத்தூர் நிலத்தை விற்று வீடு தேடினார்கள். உண்மையில் தேடியது ஜன்னலை. வேங்கிக்கால் வீட்டின் கீழ் அறையில் அது கிடைத்தது. ரேணுகாம்பாள் வெறும் தரையில் படுத்தே பார்த்தாராம். மலை முழுசாகத் தெரிந்தது. நல்ல கோடை. புதுப் பெயிண்ட் வாசனை. உட்சுவரில் ஆள் உயரத்துக்கு அண்ணாமலையார் படம்.

"சாமி வீட்டோடவே இருக்கட்டும்மா" என்றார் விற்றவர், பெருந்தன்மையாக.

சென்னையில் கட்டட இன்ஜினியராக இருக்கும் அண்ணன் மகன் விமல்ராஜ் போனில் கெஞ்சினான். "அத்தை, ஒருவாட்டி நான் வந்து பாத்துடறேன். மாடி பாத்ரூம்ல தண்ணி தேக்கிப் பாக்கணும், சுவத்தத் தட்டிப் பாக்கணும். முடிஞ்சா ஒரு மழை பாத்துட்டு வாங்குங்க."

"நீ வந்தா குத்தம் கண்டுபிடிப்படா."

"அதுக்குத்தானே வர்றது?"

"அதான் வேணாங்கறேன். மலை தெரியற வீடு கெடச்சிடுச்சின்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்."

பத்திரத்தை வக்கீலிடம் காட்டினார்கள். வாசலை வாஸ்துக்காரரிடம் காட்டினார்கள். சுவரை யாரிடமும் காட்டவில்லை. குறை பார்க்கிற ஆளை மனம் முடிவெடுப்பதற்கு முன்பே கூப்பிட வேண்டும். பிறகு கூப்பிட்டால் அவன் எதிரி.

கோடை முழுக்கத் தருமன் ராஜாவாக இருந்தார். "ரேணு, மேகம் உச்சியில குந்திகினு இருக்குது பாரு" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார்.

ஐப்பசி மழையில் படம் ஊறி உப்பியது. எடுத்துப் பார்த்தால், பின்னால் சுவர் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. விரல் பட்ட இடத்தில் பூச்சு மணலாகக் கொட்டியது. மாடி பாத்ரூம் குழாய் பல வருஷமாகச் சுவருக்குள் கசிந்திருக்கிறது; கோடையில் காய்ந்து தெரியாமல் இருந்த ஈரம் மழையில் வெளியே வந்துவிட்டது. சாமி படத்தை நகர்த்தி, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க நம்மூரில் யாருக்குக் கை வரும்? விற்றவருக்கு அது தெரிந்திருந்தது.

தருமனுக்கு இருமல் வந்தது, பிறகு மூச்சு இழுப்பு. அந்த அறையில் படுக்கவைக்கக் கூடாது என்றார் டாக்டர். கட்டிலை ஹாலுக்கு மாற்றினார்கள். ஹால் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீடு.

"மறுபடியும் சுவரா?" என்று தருமன் சிரித்தார். ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை.

விமல்ராஜ் வந்து, பாத்ரூம் தரையை உடைத்துக் குழாயை மாற்றினான். "கோடையில காஞ்சிடும் அத்தை. மாமாவ அப்புறம் உள்ள மாத்திக்கலாம்" என்றான். அன்று ஏன் என்னை வரவிடவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தை சண்டையாவது போட்டிருப்பார்.

மார்கழியில் தருமன் தினமும் விசாரிப்பார். "மலை தெரியுதா?"

"எங்க? ஒரே பனி" என்பார் ரேணுகாம்பாள், பளிச்சென்று வெயிலடிக்கும் நாளிலும்.

"அப்ப பரவால்ல. அங்க படுத்திருந்தாலும் தெரியாது."

தை பிறந்த வாரம் அவர் போய்விட்டார்.

சித்திரையில் விமல்ராஜ் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தான். "நல்லா காஞ்சிடுச்சு அத்தை."

"காஞ்சி என்னா பண்றது?" என்றபடி ஜன்னலைச் சாத்தினார் ரேணுகாம்பாள்.