காது இல்லாத ஆலை

பாகூர் வைத்தியசாலையில் நான் நர்ஸாகச் சேர்ந்த வருடம்தான் செலியமேட்டுப் பண்ணையார் தன் கரும்பாலையில் ஆயில் இன்ஜினைப் பூட்டினார். மாடு இழுத்த காலத்தில், கை கரும்பு நசுக்கும் உருளைக்குக் கிட்டே போனால் "ஓ" என்று ஒரு குரல் போதும், மாடு நின்றுவிடும். இன்ஜினோடு உருளைக்கு முன்னால் மாட்டும் தடுப்புப் பலகை ஒன்றும் வந்தது. அது இருந்தால் கரும்பு மெதுவாகப் போகிறதென்று பண்ணையார் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் காலை, ஆலைக்கே போய் ஆலையாள் ஒருவரின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். உருளைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த பெண் அலறினாள். திரும்பினால், அவள் கை மணிக்கட்டு வரை உருளைக்குள் போயிருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் இன்ஜினைப் பார்த்து "ஓ! ஓ!" என்று கத்தினார்கள். அது இழுத்துக்கொண்டே இருந்தது.

அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்த அவள் புருஷன் ஓடிவந்து, உருளையைச் சுற்றும் இன்ஜின் பெல்ட்டைக் கோடாலியால் வெட்டினான். அறுந்த பெல்ட் சுழன்று அவன் கன்னத்தைக் கிழித்தது. உருளை நின்றது. அதற்குள் கை முழங்கை வரை போயிருந்தது.

எல்லோரும் இன்ஜின் டிரைவர் மேல் பாய்ந்தார்கள். ஒருவன் கரும்பாலேயே வாயில் அடித்தான்.

"இன்னாடா பார்த்துக்கினு இருந்த, பேமானி!"

தேவையானவற்றை மனதுக்குள் அடுக்கினேன்: இறுக்கிக் கட்டத் துணி, வெந்நீர், பிடித்துக்கொள்ள இரண்டு பேர், உருளையைக் கழற்றத் தெரிந்தவன். அந்தக் கடைசி ஆளான டிரைவர் அடி வாங்கிக்கொண்டு கிடந்தார்.

"அப்புறம் அடிங்க. அவரை விட்டா உருளையைக் கழட்ட இங்க ஆள் இல்ல" என்றேன்.

விட்டார்கள். ரத்தம் ஒழுகும் வாயோடு அவர் ஸ்பேனரால் முறுக்கினார். அடித்தவர்களே மேல் உருளையைத் தூக்கினார்கள். வந்தது கை அல்ல. முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். உயிர் இருந்தது.

பண்ணையார் வந்தார். "சாறு புளிச்சிடும். வேற பெல்ட்ட மாட்டி இன்ஜின எடுடா."

டிரைவர் தரையில் உட்கார்ந்தார். "பலகைய மாட்டுனாத்தான் எடுப்பேன் ஐயா."

பண்ணையார் அவர் நெஞ்சில் உதைத்தார். மறுபடி கால் தூக்கியபோது, கோடாலியோடு அவள் புருஷன் குறுக்கே வந்து நின்றான்.

"இப்ப ஒதைங்க பார்க்கலாம்."

பண்ணையார் காலை இறக்கினார்.

அவளை மாட்டுவண்டியில் ஏற்றி மடியில் சாய்த்துக்கொண்டேன். வண்டி நகரும்போது பின்னால் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும், கட்டுக்கு மேல் மிச்சமிருந்த அவள் கை துள்ளியது.

"ஆலை ஓடுதாம்மா?" என்றாள்.

"இல்ல. உன் வூட்டுக்காரர் தடுப்புப் பலகைய அடிக்கிறார். டிரைவர் பிடிச்சுக்கினு இருக்கார்."