பெரியம்மாவும் துண்டு அன்னமும்

என் பெரியம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கட்டில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை அவருக்கு. விரித்ததில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மொத்தத்தையும் உருவி எடுத்து மறுபடி விரிப்பார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இஸ்திரி'. வீட்டில்கூட நான் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தால், பின்னாலேயே வந்து அந்த இடத்தைக் கையால் நீவிவிட்டுப் போவார்.

பெரியப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். தினமும் பெரியம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஹோட்டலின் பின்பக்க கேட்டில் இறக்கிவிட்டு டிப்போவுக்குப் போவார். கேட்டைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. பெரியம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பெருக்கித் துடைக்கிறது" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அண்ணன், அதாவது அவர்களுடைய மகன், ஒரு தீம் பார்க் ரிசார்ட்டில் அறை போட்டான். தன்னையும் சேர்த்து மூன்று பேருக்குப் போட்டவனுக்குக் கடைசியில் லீவு கிடைக்கவில்லை. பள்ளி முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை அவன் இடத்தில் அனுப்பினார்கள்.

"கல்யாண நாள் ஜோடிக்கு நடுவுல நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நாங்க பேசறதுக்கு என்ன இருக்கு? இவ கட்டிலத் தட்டுவா, நான் தூங்குவேன். நீ வா," என்றார் பெரியப்பா.

ரிசார்ட் அறையின் கதவைத் திறந்ததும், கட்டிலின் நடுவே ஒரு அன்னம் உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துண்டை மடித்துச் செய்தது.

"அடேயப்பா! இங்க பாரும்மா, துண்டுல பறவை!" பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து படம் பிடித்து டிப்போ நண்பர்களுக்கு அனுப்பினார். "என்ன கை! இதெல்லாம் பிறவியிலேயே வரணும்."

பெரியம்மா அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்து சாஞ்சிருக்கு," என்றார்.

"சாஞ்சா என்ன? அன்னம் என்ன அட்டென்ஷன்லயா நிக்கும்?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒரு விடுமுறையில் பெரியம்மாவின் ஹோட்டலுக்குள் நான் போயிருக்கிறேன். அன்னம், யானை, முயல் என்று அவர் துண்டுகளை மடித்து வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "பெரியப்பா, பெரியம்மாகூட..." என்று ஆரம்பித்தேன். பெரியம்மா என் கையைக் கிள்ளினார்.

பால்கனிக்குப் போனதும் கேட்டேன். "ஏன் சொல்லக்கூடாது?"

"இத்தன வருஷத்துல ஒரு நாளாவது 'உள்ள என்ன செய்யற'ன்னு கேட்டிருக்காரா? அவருக்காத் தோணணும். நான் எதுக்குப் போய் சொல்லணும்?"

அன்று முழுக்க பெரியப்பாவின் வாயில் அந்தப் பேச்சுதான். தண்ணீர்ச் சறுக்கில் நனைந்து வந்தாலும் அன்னம், சாப்பாட்டு வரிசையில் நின்றாலும் அன்னம். பெரியம்மா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

மறுநாள்தான் கல்யாண நாள். பெரியம்மா விடிந்ததும் எழுந்து, பழக்க தோஷத்தில் படுக்கையைத் தானே விரித்துவிட்டார். மூலைகளை அடியில் சொருகி, உறைகளை உதறித் தலையணையை நிறுத்தியிருந்தார். குளித்துவிட்டு வெளியே வந்த பெரியப்பா கட்டிலைப் பார்த்து அசந்துபோனார். "அதுக்குள்ள ரூம் சுத்தம் பண்ற பொண்ணு வந்துட்டுப் போயிட்டாளா? பம்பரம்!"

பெரியம்மா சீப்பை எடுத்துக் கூந்தலை இழு இழு என்று இழுத்தார். அது முடி மேல் இருந்த கோபம் இல்லை.

கீழே போகக் கிளம்பியபோது வராண்டாவில் அறை சுத்தம் செய்யும் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் வயதை ஒட்டித்தான் இருப்பாள். பெரியப்பா பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால், அவளிடம் குனிந்து ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறார். அவள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

"என்ன பேச்சு?" என்றார் பெரியம்மா.

"சோப்பு கேட்டேன்."

"குளிச்சிட்டுத்தானே வந்தீங்க?"

"நாளைக்கு வேணாமா?"

அதற்குப் பிறகு பெரியம்மா எந்த விளையாட்டிலும் மனதை வைக்கவில்லை. ராட்சத ராட்டினத்தில் மூவரும் ஒரே கூண்டில் ஏறினோம். பெரியப்பா, "இதுக்கு பிரேக் யாருகிட்ட இருக்கு?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வாழ்நாளெல்லாம் ஓட்டியவருக்குப் பயணியாக உட்காரத் தெரியவில்லை. பெரியம்மா பயப்படவே இல்லை. கூண்டு உச்சிக்குப் போனபோது ரிசார்ட் கட்டடம் முழுக்கத் தெரிந்தது. அவர் மாடிகளை எண்ணி எங்கள் பால்கனியைக் கண்டுபிடித்தார்.

"நம்ம ரூம்ல யாரோ இருக்காங்க! திரை அசையுது பாரு!"

"காத்து," என்றார் பெரியப்பா, கொஞ்சம் வேகமாகவே. "இறங்கினதும் இன்னொரு சுத்து போலாமா?"

பிரேக் எங்கே என்று கேட்டவர் இன்னொரு சுற்றுக்குக் கூப்பிட்டதும் பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. இறங்கியவுடன், "பாத்ரூம் போயிட்டு வரோம்," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பாத்ரூமைத் தாண்டியும் நடந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூட பொறுமையில்லாமல் படியேறினார்.

அறைக் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் கட்டிலருகே மண்டியிட்டிருந்தாள். மெத்தையில் ஒரு அன்னம் ஒருவழியாக நின்றது. இன்னொன்று தலை குப்புற விழுந்து கிடந்தது.

"என்னம்மா நடக்குது இங்க?" பெரியம்மா இடுப்பில் கை வைத்தார்.

அவள் பதறி எழுந்தாள். "ஐயோ, நீங்க இப்ப வரக்கூடாதே! ஐயா உங்கள ராட்டினத்துலயே வச்சிருக்கேன்னு சொன்னாரே!"

"எதுக்கு?"

"கல்யாண நாளுன்னாரு. 'வந்ததுலேர்ந்து அவ அந்த அன்னத்தையே பாத்துட்டிருக்கா, ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல, இன்னிக்கு ஜோடியா செஞ்சு வைம்மா'ன்னாரு. நேத்து வச்சது சூப்பர்வைசர் அக்கா செஞ்சது. நான் வேலைக்குப் புதுசு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு விழுந்துடுது." அவள் கண் கலங்கிவிட்டது.

பெரியம்மா விரித்த படுக்கையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு படுக்கையைக் கசக்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அந்த இடத்தை நீவிவிட்டார். விழுந்து கிடந்த துண்டை உதறினார். "ரெண்டு ஓரத்தையும் நடுவுக்கு உருட்டு. இறுக்கமா. லூசா உருட்டினா கழுத்து நிக்காது. அந்த இன்னொண்ணையும் பிரி, அதுவும் சரியில்ல."

இரண்டு அன்னங்களும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். நாங்கள் ஓடி வந்து ராட்டினத்தின் கீழே நின்றபோது பெரியப்பா ஒரு கேக் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இவ்வளவு நேரமா?" என்றார்.

அறை வாசலில் பெரியம்மாவின் கண்ணை அவரே பொத்தி உள்ளே அழைத்துப் போனார்.

"இப்ப பாரு! உனக்காகத்தான் சொல்லி வச்சேன். அந்தப் பொண்ணுக்கு என்ன கை பாத்தியா? நேத்தவிட இன்னிக்குக் கழுத்து எப்படி நேரா நிக்குது!"

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது, அப்படியே பாதியில் நின்றது. "நல்லா இருக்கு," என்றார். என் காதில் மட்டும், "என் அன்னத்துக்கு அவளுக்குப் பாராட்டு," என்றார்.

"சொல்லிடுங்களேன்."

"ஆசை ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்காரு. இப்பப் போய் எப்படிடீ சொல்றது?"

கேக்கை மாத்திரை விழுங்குவதுபோல விழுங்கினார்.

சொல்லாமலே விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் பெரியப்பா சும்மா இருக்கவில்லை. முன்சீட்டில் இருந்த முன்பின் தெரியாத மனிதரைத் தட்டிக் கூப்பிட்டு, செல்போனில் படத்தைக் காட்டி, "சின்னப் பொண்ணு சார். என்ன கை!" என்று ஆரம்பித்தார்.

பெரியம்மா அவர் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவினார். தன் மடியில் வைத்து உருட்டினார், மடித்தார், வளைத்தார். பேருந்தின் குலுக்கலில்கூட அசையாத ஒரு அன்னத்தைப் பெரியப்பாவின் முழங்கால் மேல் வைத்தார்.

பெரியப்பா அதையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தார். முன்சீட்டு மனிதர் மெதுவாகத் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நேத்து வச்சிருந்த ரெண்டும்...?"

"ரெண்டும் நான் செஞ்சது. அவளோடது விழுந்துடுச்சு. நேத்து காலையில படுக்கை விரிச்சதும் நான்தான்."

"எங்க கத்துக்கிட்ட?"

"தினமும் கொண்டு போய் விடறீங்களே, அங்கதான்."

பெரியப்பா அதற்குப் பிறகு ஊர் வரும் வரைக்கும் அன்னத்தை முழங்காலில் இருந்து எடுக்கவே இல்லை. காலை அசைக்காமல் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது கால் மரத்துப்போய் நொண்டினார்.

பெரியம்மா வேலைக்குத் திரும்பிய அன்று நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். கேட்டில் இறக்கிவிட்டதும் வழக்கம்போல ஸ்கூட்டரைத் திருப்பாமல் பெரியப்பா எஞ்சினை அணைத்திருக்கிறார்.

"உள்ள வந்து பாக்கலாமா?"

"துணி அறை வரைக்கும் விடுவாங்க," என்றிருக்கிறார் பெரியம்மா. இரண்டடி நடந்தவர் திரும்பி நின்று விரலை நீட்டினாராம். "அங்க நிறையப் பேரு துண்டு மடிச்சிட்டிருப்பாங்க. எவளையாவது பாத்து 'என்ன கை'ன்னு சொன்னீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."