புனிதவதி அக்கா சேர்க்காமல் வைத்திருந்த தாள்

தொலைபேசியில் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அதைத்தான் முதலில் கவனித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு போன் வந்த ஏழு மாதத்தில் என்னைத் தேடி வந்த முதல் அழைப்பு அது.

"வாசுகியோ? நான் புனிதவதியின்ர தங்கச்சி, கிள்ளானில இருந்து. அக்கா காலமை தவறிட்டா. நெஞ்சு வலி. வியாழக்கிழமை உம்மட்ட வாறதெண்டு எழுதி வச்சிருந்தவ."

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புனிதவதி அக்கா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் படித்தார். போன் வந்த குடியிருப்புகளில் மனிதர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பது அவருடைய ஆய்வு. விருப்பப்படி நடக்க முடிகிறதா, நம்மால் முடியும் என்று தோன்றுகிறதா, மற்றவர்களோடு நெருக்கம் உண்டா என்று மூன்று கேள்விகள். ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும்.

முதல் முறை எங்கள் வரிசை முழுக்க ஐந்து, ஐந்து, ஐந்து. அவர் சிரித்துவிட்டார்.

"இவ்வளவு சந்தோஷமெண்டா நானும் இங்கேயே வீடு எடுக்கிறன் லா!"

"வீடு தேடி வந்தவங்ககிட்ட குறை சொல்வாங்களா மிஸ்?" என்றார் அம்மா.

"நான் விருந்தாளி இல்லை அக்கா, அளக்க வந்தவள். அளவெடுக்கேக்க வயித்தை எக்கிக்கொண்டு நிண்டா சட்டை ஆருக்குப் பொருந்தும்?"

அடுத்த முறை ஒவ்வொருவரையும் சமையலறையில் தனியாக எழுதி, பெயர் போடாமல், வயதை மட்டும் குறித்து மடித்துத் தரச் சொன்னார். அம்மாவின் ஐந்து மூன்றானதை அவரே பிறகு சொன்னார். என் முறை வந்தபோது கூடத்தில் அப்பா இருமும் சத்தம் கேட்டது. நான் மறுபடியும் ஐந்தே எழுதினேன்.

உண்மை வேறு. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எங்கள் எண்தான். "போன் பக்கத்துல ஆள் இருக்கணும்மா" என்றார் அப்பா. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட எனக்கு மிச்சமிருந்த தட்டச்சு வகுப்பும் அதோடு நின்றது.

போன வாரம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாளில் பெயர் இல்லாவிட்டாலும், பதினாறு வயது என்று எழுதியவள் நான் ஒருத்திதான்.

"முதல் கேள்வியில அழிச்சு அழிச்சு கடதாசி தேய்ஞ்சு போச்சு, பிள்ளை. இதை இன்னும் கணக்கில சேர்க்கேல்லை. வியாழக்கிழமை வாறன். ஐந்துதான் எண்டாலும் சரி, யோசிச்சுச் சொல்லும்."

செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். தாள்களை எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்போவதாகப் போனில் தங்கை சொன்னார். யாரிடமும் குறையை மறைக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னவரின் உழைப்பில் என் பொய்யும் சேர்ந்து போய்விடுமே என்றிருந்தது.

மறுநாள் அப்பாவோடு பஸ் ஏறி கிள்ளானுக்குப் போனேன். அக்காவின் கால்மாட்டில் நின்று கும்பிட்டேன். நீங்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாக நானே வந்துவிட்டேன், அக்கா. நிம்மதியாகப் போங்கள்.

நான் கேட்டதும் தங்கை, பதினாறு வயது என்றிருந்த என் தாளைத் தேடி எடுத்து வந்தார். ஓரத்தில் 'திரும்பக் கேட்க வேணும்' என்று அக்காவின் கையெழுத்து. பென்சில் கேட்டு வாங்கி, முதல் ஐந்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா, "என்னம்மா எழுதுற?" என்றார்.

'விருப்பப்படி நடக்க முடிகிறதா' என்ற கேள்வியையும் 'ஒன்று' என்ற என் பதிலையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.