கரண்ட் வந்ததைச் சொல்லும் சிப்

சர்க்கரை நோயில் கண்பார்வை போன பிறகும், மோட்டார் போடும் வேலையை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வடக்கனந்தலில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து மோட்டார் கொட்டகை வரைக்கும் கயிறு கட்டியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு போவார். ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்ப்பார். மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் வந்திருக்காது. திரும்பி வருவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கிளம்புவார். ஒருநாள் வாய்க்காலில் விழுந்து முழங்கைத் தோல் உரிந்துபோயிற்று.

கரண்ட் வந்ததும் வீட்டுக்குள் இருந்தபடியே வாயால் சொல்கிற பெட்டி ஒன்றைச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு. மற்ற எல்லாம் தயாராகிவிட்டது. நாம் பேசிப் பதிவதைத் திருப்பிச் சொல்லும் சிப்தான் கிடைக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் பாதி, செல்போன் உறை விற்கிற கடைகள். ரெசிஸ்டருக்கும் ரேஷன் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் "இருக்குது சார்" என்று நெஞ்சை நிமிர்த்தி, மேலே நம்பர் சுரண்டப்பட்ட ஒரு சிப்பைக் கொடுத்தார். வீட்டில் மாட்டினேன். "வெல்கம், ப்ளீஸ் கம் இன்" என்று ஒரு பெண் கொஞ்சினாள். வேறு எதையும் அதில் பதிய முடியவில்லை. மறுநாள் திரும்பக் கொண்டுபோனேன்.

"பேசுதா இல்லியா?"

"பேசுது. ஆனா..."

"பேசுற சிப்புதான கேட்டீங்க? அப்புறம் இன்னா சார்?"

அந்த மூஞ்சியில் இருந்த திருப்தியைப் பார்த்து, சிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சங்கராபுரத்தில் பழைய இரும்புக்கடை நடத்தும் ஓர் அம்மாதான் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். "தள்ளுவண்டிக்காரங்க வச்சிக்கினு கத்துவாங்களே, அந்த ஒலிபெருக்கியில இருக்குதுங்க" என்று குவியலிலிருந்து ஒன்றை இழுத்து, பேட்டரியில் ஒயரைத் தொடவைத்தார். "கொய்யா, கொய்யா, இனிப்புக் கொய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"அத அழிச்சிட்டு உங்க குரலப் போட்டுக்கங்க. வாய் ஒடஞ்சிருக்குது, உள்ள நல்லாத்தான் இருக்குது."

இன்ஜினியரிங் படித்த எனக்கு இது தோன்றவில்லை. கடைக்காரர்களைத் திட்டுவதிலேயே மூளை தீர்ந்துபோயிருந்தது.

உள்ளிருந்த சர்க்யூட் பலகையைப் பிரித்தெடுத்து, "கரண்ட் வந்துடுச்சி" என்று என் குரலில் பதிந்து பெட்டியில் மாட்டினேன். அடுத்த நாள் முற்பகலில் மின்சாரம் வந்தது. பெட்டி பேசியது. கட்டிலில் இருந்த அப்பா திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எப்படி இருக்குதுப்பா?"

"நல்லாத்தான் வேல செய்யுது. ஆனா உன்ன மாரியே எரிஞ்சி வுழுதுடா."

சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. பெட்டியைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். அந்த இரண்டு வார்த்தையில், அறிவில்லாத ஒருவனிடம் பத்தாவது முறையாகச் சொல்கிற அலுப்பு அப்படியே இருந்தது. அப்பாவிடம் நான் தினமும் இப்படித்தான் பேசுகிறேன் போலிருக்கிறது. நான்கைந்து தடவை மாற்றிப் பதிந்தும் அது போகவில்லை.

கடைசியில் மனைவியைப் பேசச் சொன்னேன். "மாமா, கரண்ட் வந்துடுச்சிங்க" என்றாள், ஒரே தடவையில். இப்போது அதைக் கேட்டுத்தான் அப்பா எழுந்து, கயிற்றைத் தேடிப் பிடிக்கிறார்.