அலுமினியத்துக்குக் காவல்

பேத்தி தன் படிப்பை எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லித் தந்திருந்தாள். லேசர் ஒளியால் அலுமினியம் மாதிரி ஓர் உலோகத்துக்கு ஓர் அடி. கண் வெட்டுகிற நேரம்கூட அதற்கு வேண்டாம். சூடேறிய மேற்பரப்புக்கு விரியவே அவகாசம் இல்லாததால், அழுத்தம் அதிர்ச்சி அலையாக உள்ளே பாயும். மறுபக்கத்தில் மோதித் திரும்பும்போது அங்கே ஒரு மெல்லிய படலம் உரிந்து விழும்.

"அடி முகத்தில, உரியிறது முதுகோ? எங்கட சொந்தக்காரர் மாதிரியெல்லோ கிடக்கு!" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளிடம் லேசரும் இல்லை, அலுமினியமும் இல்லை. கொம்பியூட்டருக்குள் அணுக்களைப் புள்ளிகளாக அடுக்கி, ஒன்றையொன்று எப்படித் தள்ளும் என்று கணக்குப் போடவிடுவாள். ஒரு கணத்தில் முடிகிற அடிக்குக் கணக்கு நாட்கணக்காக ஓடும்.

வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு மகள் வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்திருந்தாள். வருடம் தவறாமல் போகிறவள் நான். புறப்படும்போது பேத்தி என் கையைப் பிடித்தாள்.

"அம்மம்மா, கணக்கு ஓடிக்கொண்டிருக்கு. கரண்ட் போனா பட்டறி கனநேரம் தாங்காது, உடனே எனக்குச் சொல்லவேணும். எனக்கு நேர்த்திக்கடன் இருக்கு, போகாமல் இருக்கேலாது. உங்களைத் தவிர ஆரையும் நம்பேலாது."

வீட்டிலேயே நின்றுவிட்டேன். கரண்ட் போய்விடும் என்று பயந்து, சோறு சமைக்கிற கரண்ட் சட்டியைக்கூடப் பிளக்கில் செருகவில்லை; பேக்கரிப் பாணும் பால் விடாத பிளேன்ரீயும்தான் சாப்பாடு. திரையின் அடியில் ஓர் இலக்கம் ஏறவேண்டும் என்று முன்பே காட்டியிருந்தாள். மத்தியானம் வரை அது அசையவில்லை. போன் எடுத்தேன்.

"பிள்ளை, நம்பர் ஏறேல்லை."

"அது மெதுவாத்தான் ஓடும் அம்மம்மா. தொட்டுப்போடாதேங்கோ."

பின்னால் மேளச் சத்தம். நம்பினேன்.

பின்னேரம் வான் வந்தது. காலையில் சாதாரணச் சட்டையோடு போன பேத்தி பட்டுச் சேலையோடு இறங்கினாள். என் பார்வையைக் கண்டதும் மகளே சொல்லிவிட்டாள்:

"மாப்பிள்ளை வீட்டார் இவளைக் கோயிலில வச்சுப் பாத்தவை அம்மா. அவைக்குப் பிடிச்சிருக்கு."

கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலப் பெண் பார்ப்பது எங்கள் வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்ர மூத்தவளைப் பாக்க வந்த பெடியனை, குதிரை வாங்கிறவ மாதிரி நடந்து காட்டச் சொன்னது ஆர்? உங்கட வாய்க்குப் பயந்துதான்."

பேத்தியைப் பார்த்தேன். "அப்ப, கணக்கு?"

"அது முந்தநாளே நிண்டுபோச்சு அம்மம்மா," என்றாள் நிலத்தைப் பார்த்தபடி. "ஒரு இலக்கத்தைப் பிழையாக் குடுத்திட்டன்."

மகள் பத்து வயதிலிருந்தே என்னை ஏய்க்கிறவள். அது எனக்குப் பழகிப்போனது. ஆனால் கையைப் பிடித்துக் கேட்டவள் இவள். நின்றுபோன இலக்கத்துக்கு முன்னால் என்னை ஒரு பகல் இருத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

"பெடியன் எப்பிடியெண்டு கேக்கமாட்டீங்களோ அம்மம்மா?"

கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை.

"அவை வீட்டுக்கு வாற அண்டைக்கும் ஒரு கணக்கைப் போட்டுவிடு, பிள்ளை. நான் காவல் இருக்கிறன்."

நான் சொல்லி அந்த வீட்டில் யாரும் சிரிக்காதது அன்றுதான். அவள் அழத் தொடங்கினாள். குசினிக்குள் போய் எனக்கென்று ஓராளுக்கு மட்டும் அரிசி அளந்து கழுவினேன்.