அறிவியல் மன்றத்து மாமா

எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் சேர ஒரே ஒரு தகுதிதான் உண்டு. மாமாவுக்குக் கை கொடுக்க வேண்டும்.

மாமா என்பது ஆய்வகத்தின் மூலையில் மரச் சட்டத்தில் மாட்டியிருந்த எலும்புக்கூடு. பிளாஸ்டிக் இல்லை, நிஜ எலும்பு. கம்பியால் கோத்து, பாதம் தரையில் படும்படி நிறுத்தியிருந்தார்கள். எந்த ஊர்க்காரனோ, எந்த ஆஸ்பத்திரியில் கேட்பாரில்லாமல் கிடந்தவனோ, எங்களிடம் வந்து சேர்ந்திருந்தான். புதிதாகச் சேர வருபவர் அதன் வலது கையைப் பிடித்துக் குலுக்கி, தன் பெயரைச் சொல்லி, "வணக்கம் மாமா, சௌக்கியமா?" என்று கேட்க வேண்டும். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒருவன் கட்டைக் குரலில் "சௌக்கியம்" என்பான். வந்தவர் அலறிக்கொண்டு ஓடுவார். திரும்பி வந்தால் உறுப்பினர், வராவிட்டால் கோகோ அணி.

1991-இல் நான் பத்தாவது படித்தேன். மன்றத்தின் செயலாளரும் நான்தான். பேய், பிசாசு, திருஷ்டி, சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்குப் போய்விடுவேன். அந்தக் குணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கம் காற்றே சரியில்லை. மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, வெளியூர்க்காரர்களிடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னால் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அடையாளம் தெரியாத ஆள் டீ குடித்தாலே போலீஸ் விசாரித்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் சாவைப் பற்றித்தான் பேச்சு.

என் தோழியை மன்றத்தில் சேர்த்தது அந்த ஜூனில். அவள் எங்கள் தெருக் கடைசி வீடு. நன்றாகப் படிப்பாள், அதிகம் பேசமாட்டாள். அவளுடைய அப்பா லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். நாங்கள் ஆறாவது படிக்கும்போது பெங்களூருக்கு லோடு போன லாரியில் போனார். வேலூர் தாண்டி டீ குடிக்க இறங்கினவர் திரும்ப வண்டியில் ஏறவில்லை என்று டிரைவர் வந்து சொன்னார். அவ்வளவுதான். அடித்துப் போட்டார்களா, சாமியாராகப் போனாரா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது.

அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை பூ வைப்பதையும் பொட்டு வைப்பதையும் விடவில்லை. கடைசி பஸ் போகும்வரை கதவைச் சாத்தமாட்டார். ஒரு ஆளுக்குச் சோறு எப்போதும் தனியாக மூடியிருக்கும். வாலாஜாபாத்தில் இருந்த அவருடைய தம்பி மாதாமாதம் வந்து கெஞ்சுவார். எங்கள் பள்ளியில் பத்தாவதோடு சரி. ப்ளஸ் டூ படிக்க வேண்டுமானால் வெளியே போக வேண்டும். "எங்கூட வந்துடுக்கா, பொண்ண நான் படிக்க வெக்கறேன்" என்பார் அவர். அத்தையின் பதில் மாறவே மாறாது. "அவரு வந்து பாக்கும்போது வூடு பூட்டிக்கினு இருந்தா இன்னா நெனப்பாரு?"

மகளைத் தனியாக அனுப்பவும் மனம் வராது. ஆகவே அந்த வருஷத்தோடு அவள் படிப்பு முடியப்போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அத்தையின் மீது அப்படிக் கோபம் வரும். வராத ஒரு மனிதனுக்காக எதிரில் நிற்கும் பெண்ணைப் பலி கொடுக்கிறாரே என்று வீட்டில் கத்துவேன். "உன் வேலையப் பாரு" என்பார் அம்மா.

அவள் மாமாவுக்குக் கை கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், வெளியே மழை இருட்டு. கையைப் பிடித்தாள், பெயரைச் சொன்னாள், சௌக்கியமா என்று கேட்டாள். பீரோவுக்குப் பின்னால் இருந்து "சௌக்கியம்மா" என்று பதில் வந்தது. அந்த 'ம்மா' அன்று அந்தப் பையனாகச் சேர்த்துக்கொண்டது. அவள் அலறவில்லை, ஓடவில்லை. பிடித்த கையை விடாமல் இன்னொரு கையால் அதன் முன்கையை மெல்லத் தடவிக்கொண்டே போனாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. நாங்கள் எல்லோரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவள்தான் மாமாவைத் துடைப்பாள். நாங்கள் எரிமலை செய்கிறோம், மழைமானி செய்கிறோம் என்று களிமண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு விலா எலும்பாகத் துடைத்துக்கொண்டிருப்பாள். குழந்தைகள் தினத்தையொட்டி நடக்கும் கண்காட்சியில் எலும்புக்கூட்டை விளக்கிச் சொல்ல யார் வருகிறீர்கள் என்று அறிவியல் டீச்சர் கேட்டபோது முதலில் எழுந்தவளும் அவள்தான். டீச்சருக்கு ஒரே பெருமை.

ஒருநாள் வீட்டுக்கு நடந்து வரும்போது சொல்லிவிட்டாள்.

"அது எங்கப்பாடி."

"எது?"

"மாமா. கையத் தொட்டுப் பாரு, நடுவுல முடிச்சு மாரி கீது. எங்கப்பா வண்டிலேர்ந்து வுழுந்து கைய ஒடச்சிக்கினு புத்தூர் போயி கட்டு போட்டுக்கினு வந்தாரு இல்ல? சேரும்போது கோணலா சேந்துடுச்சு. அதே எடம். சோறு பெசையும்போது தெனமும் பாத்துக்கினு இருந்த கைடி."

ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. ஆனாலும் நான் செயலாளர் ஆயிற்றே. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், அதில் பாதிப் பேருக்குக் கை கோணல்தான் என்றேன். அவள் அசையவில்லை. பிறகு எனக்கு என் அக்கா நினைவுக்கு வந்தாள். அக்காவும் இதே பள்ளி, இதே மன்றம். இதே மாமாவுக்குக் கை கொடுத்து அலறி, அந்தக் கதையை எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவள். அவள் படிப்பை முடித்துக் கல்யாணம் ஆனபோது வாசலில் பந்தக்கால் நட்டவரே தோழியின் அப்பாதான்.

"உங்கப்பா ஊர்ல இருக்கும்போதே அது இங்க இருந்துச்சுடி" என்றேன். "எப்படி அவரா இருக்கும்?"

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். அப்பா செத்துவிட்டார் என்ற பயத்திலிருந்து அவளை மீட்டுவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு. அவள் நடுரோட்டில் நின்று அழ ஆரம்பித்தாள். இத்தனை வாரமாக அப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடமிருந்து அப்பாவை மறுபடியும் பிடுங்கிவிட்டேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "உங்க அக்கா கத எங்கம்மாவுக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாது. ஏன்?"

"கண்காட்சிக்கு அம்மாவ இட்டுக்கினு வரப்போறேன்."

அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. "உங்கப்பா திரும்பி வந்துட்டா இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வரட்டும். சந்தோசம்தான். அதுவரிக்கும் நானும் அந்த வூட்ல ஒக்காந்துக்கினே இருக்கணுமா?"

கண்காட்சி அன்று எங்கள் ஆய்வகத்தில் கூட்டம். அத்தை கனகாம்பரம் வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தோழி கையில் குச்சியோடு மண்டை ஓட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒப்பிக்கிற குரல்தான், ஆனால் தடுமாறவே இல்லை. வலது முன்கைக்கு வந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது ரேடியஸ், இது அல்னா. இந்த எடத்துல ஒடஞ்சி, கட்டு போட்டு, கோணலா சேந்துருக்குது. தொட்டுப் பாக்கலாம்."

அத்தை தொட்டுப் பார்த்தார். விரல் அந்த முடிச்சில் நின்றது. அவர் இன்னும் ஓரடி முன்னால் வந்து எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், கல்யாண போட்டோவுக்கு நிற்பதைப்போல, தோளோடு தோள் ஒட்டி நின்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். தலையிலிருந்த பூவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, அடுத்து என்ன என்று கேட்டார்கள். தோழி குச்சியை எடுத்துக்கொண்டு மணிக்கட்டு எலும்புகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அத்தை பொட்டு வைக்கவில்லை. ஊரில் காரணம் கேட்டவர்களுக்கு, "தகவல் வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். பரீட்சை முடிந்த கோடையில் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தி நாதாங்கியில் பூட்டு மாட்டியதை நானும் பார்த்தேன். என் தோழி வண்டியிலிருந்து எனக்குக் கை காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் போனாள்.

வீடு காலியானதும் பேச்சு கிளம்பிவிட்டது. சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போகாதே, அந்த ஆள் வந்து வாசலில் நிற்கிறான் என்றார்கள். நான் வழக்கம்போலச் சண்டை போட்டேன். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கி அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். அந்தப் பூட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஐப்பசி அடைமழையில், ஒருநாள் காலை கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடையாமல் நாதாங்கியில் தொங்கியது. தெருவே கூடிவிட்டது. உள்ளே எதுவும் திருட்டுப் போகவில்லை, திருட அங்கே ஒன்றும் இல்லை. சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பழைய பாய் விரித்துக் கிடந்தது. பேய் வந்து படுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார்கள். பேய்க்கு எதற்குப் பாய் என்று கேட்டேன். பூட்டு உடையாமல் எப்படித் திறந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மழைக்கு ஒதுங்கின எவனாவது கள்ளச்சாவி போட்டிருப்பான் என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கே ஊரில் காசு போட்டுப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி, இறுக்கப் பூட்டி, கதவில் எலுமிச்சம்பழமும் கட்டினார்கள். வாலாஜாபாத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் அப்போது ப்ளஸ் ஒன்னில் வகுப்பிலேயே முதலாக வந்துகொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் தெருவே இல்லை. அங்கே கார் பாகம் செய்யும் தொழிற்சாலையின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிறது. ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. தோழி அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருக்கிறாள். கொஞ்ச நாள் முன்பு வாலாஜாபாத் வழியாகப் போகும்போது அவள் வீட்டில் இறங்கினேன். அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார், ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"பள்ளிக்கூடத்துல அந்த எலும்பு இருந்துச்சே கண்ணு. அது அவரு இல்ல."

நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவரு தோளுக்குத்தான் நான் வருவேன். ஒட்டி நின்னு பாத்தேன். அது என் காதுக்குத்தான் இருந்துச்சு. பச்சப் புள்ளையா பாத்தவ, அவளுக்கு உயரம் இன்னா தெரியும்? எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அத்த பூவ எடுத்தீங்க?"

"அவ மூஞ்சியப் பாத்தேன். படிக்கணும்னு அவ்ளோ தூரம் யோசிச்சிருக்குது புள்ள. நான் இன்னா பண்ணுவேன்?" சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா வூட்ட நான் பூட்டல. பூட்ட சும்மா தொங்க வுட்டுட்டு வந்தேன், சாவி போடல. மழையோ வெயிலோ, வந்தா உள்ள போயி படுப்பாரு இல்ல?"

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"நீ அந்தத் தெருவுலதான இருந்த. யாராச்சும் வந்தாங்களா கண்ணு?"

விரித்துக் கிடந்த பாய் என் கண் முன்னால் வந்தது. எலுமிச்சம்பழம் கட்டிய அந்தப் பெரிய பூட்டும் வந்தது. உள்ளே தோழி டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"யாரும் வரல அத்த" என்றேன்.